அடிக்கக் கற்றுத்தரும் இடம்

1

போன மாதம் ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் மகன் இன்னொரு மாணவனை அடித்துவிட்டான், புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமையாசிரியரை வந்து பார்க்கவும் என்று எழுதியிருந்தது. இரண்டே வரி. கீழே பச்சை மையில் கையெழுத்து.

விருத்தாசலத்தில் ஒரு தகப்பனுக்கு இப்படிக் கடிதம் வந்தால் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் பையன் முதுகில் இரண்டு வைப்பார். பிறகு கடிதத்தை முழுதாகப் படிப்பார். நான் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அடித்தான் என்று இருக்கிறதா, அடி வாங்கினான் என்று இருக்கிறதா என்று பார்க்க மூன்றாவது முறையும் படித்தேன். இங்கிலாந்துக்கு வந்து பத்து வருஷம் ஆகியும் அந்த இடத்தில் மட்டும் இங்கிலீஷ் எனக்குக் காலை வாரும். அடித்தான் என்றுதான் இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் என் மனைவி சரோஜாவிடம் படித்துக் காட்டினேன்.

"நம்ம புள்ளையாங்க?" என்று கேட்டாள்.

பெயரைக் காட்டினேன். இளங்கோ என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் எப்படி எழுதுவார்களோ அப்படித்தான் எழுதியிருந்தது, அதாவது தப்பாக. அதனால் சந்தேகம் தீர்ந்தது. சரோஜா ரவை டப்பாவை எடுத்தாள். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் கேசரி. திராட்சை போட்டிருந்தாள், அது தீபாவளிக்கு மட்டும் போடுவது.

யாரை அடித்தாய் என்று பையனைக் கேட்டோம். ஒரு பையனை என்றான். கேசரியைத் தொடாமல் மாடிக்குப் போய்விட்டான். வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டோம். அவன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

ஒரு பிள்ளை ஊரான் பிள்ளையை அடித்ததற்குப் பெற்றவர்கள் கேசரி கிண்டுவார்களா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அதற்கு மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

2

நான் இருப்பது ஸ்டோக் என்ற ஊரில். தட்டு, கோப்பை, கழுவுதொட்டி, ஓடு என்று மண்ணைச் சுட்டு என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்கிற ஊர். விருத்தாசலம் செராமிக் ஆலையில் அச்சு வார்க்கிற வேலையில் இருந்தவனுக்கு இங்கே வேலை பார்க்க அனுமதிச் சீட்டு கிடைத்தது, அறுபத்தெட்டில் கிளம்பி வந்தேன். பையனுக்கு அப்போது ஒரு வயசு. புகைபோக்கிகளைப் பார்த்ததும் நம் ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. வித்தியாசம் என்னவென்றால் நம் ஊரில் சூளை ஓரம் நின்றால் வியர்க்கும், இங்கே சூளை ஓரம் நின்றால்தான் உயிர் இருக்கும்.

இந்த ஊர்க்காரர்கள் அன்பானவர்கள். எதிரில் யார் வந்தாலும் 'டக்' என்று கூப்பிடுவார்கள். அகராதியில் பார்த்தால் வாத்து என்று போட்டிருக்கும். முதல் நாள் மேஸ்திரி என்னை அப்படிக் கூப்பிட்டபோது, படித்து சர்டிபிகேட் வாங்கியவனை வாத்து என்கிறானே என்று மத்தியானம் சாப்பிடாமல் இருந்தேன். பிறகு பார்த்தால் அவர் முதலாளியையும் வாத்து என்றுதான் கூப்பிட்டார்.

பெரியவர்கள் வாத்து என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களின் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட வேறு சொற்கள் வைத்திருந்தார்கள். அவற்றை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் உங்களுக்கு உறைக்காது, எங்களுக்கு உறைக்கவே இரண்டு வருஷம் ஆனது.

எழுபத்தைந்தில் ஒரு நாள், அப்போது இளங்கோவுக்கு எட்டு வயசு, சட்டைப் பொத்தான் ஒன்றுகூட இல்லாமல் வீட்டுக்கு வந்தான். விழுந்துவிட்டேன் என்றான். அடுத்த வாரம் ஒரு ஷூ இல்லாமல் வந்தான். அதுவும் விழுந்ததுதான். மூன்றாவது முறை புத்தகப் பை சொட்டச் சொட்ட வந்தது. சரோஜா பையைத் தலைகீழாகக் கொட்டினாள். கால்வாய்த் தண்ணீரும் கணக்கு நோட்டும் விழுந்தன. பையன் கால்வாயில் விழாமல் பை மட்டும் எப்படி விழுந்தது என்று கேட்டாள். கால்வாய்ப் பாலத்தில் தினமும் மூன்று பையன்கள் நிற்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் முறையிட்டேன். ஒரு பாரம் கொடுத்தார்கள். சம்பவம் நடந்த இடம் பள்ளிக்கு உள்ளேயா, வெளியேயா என்று முதல் கேள்வி. வெளியே என்று எழுதினேன். வெளியே என்றால் நகராட்சி என்றார்கள். நகராட்சியில் கால்வாய் எங்களுடையது இல்லை, அதற்குத் தனி வாரியம் என்றார்கள். வாரியத்துக்கு எழுதினேன். படகு ஏதும் சேதமா என்று கேட்டுப் பதில் வந்தது.

அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது சரோஜா ஒரே வார்த்தையில் முடித்தாள். பெண்ணாடம் சர்க்கரை ஆலைப் பக்கம் வளர்ந்தவள், கரும்பு லாரி டிரைவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள்.

"ஆபீசு ஆபீசா ஏறாதீங்க. திருப்பி அடிக்கக் கத்துக் குடுங்க."

3

இங்கேதான் சிக்கல். எனக்கு அடிக்கத் தெரியாது.

நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது மணிமுத்தாற்று மணலில் சாயங்காலம் சிலம்பம் நடக்கும். தாலுக்கா ஆபீசில் பியூனாக இருந்த ஒருவர் சொல்லிக்கொடுப்பார். நான் வீட்டுக்குத் தெரியாமல் மூன்று நாள் போனேன். மூன்றாம் நாள் என் கம்பே என் காதில் பட்டு வீங்கிவிட்டது. ஆக, அந்தக் கலையில் நான் வாழ்க்கையில் அடித்தது ஒரே ஆளை, அதுவும் என்னை.

அப்பா காதைப் பார்த்தார். அவர் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். மறுநாள் என்னை ஜங்ஷன் ரோட்டில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வாசலில் நின்று, "கையால அடிச்சா கேசு. மிஷின்ல அடிச்சா வேலை" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னபடியே ஆனது. லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தேன். அந்த சர்டிபிகேட்டைக் காட்டித்தான் அறுபதுகளின் தொடக்கத்தில் செராமிக்கில் ஸ்டோர் குமாஸ்தாவாக நுழைந்தேன், அங்கிருந்து அச்சு வார்க்கும் பிரிவுக்கு மாறினேன். நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தை அடிப்பேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்ளலாம். கால்வாய்ப் பாலத்தில் அது செல்லாது.

ஸ்டோக் தொழிற்சாலையில் நிலைமை நேர் எதிர். அந்த வருஷங்களில் சினிமாக் கொட்டகை எல்லாவற்றிலும் சீனாக்காரர்கள் காற்றில் பறந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் பிறந்த குழந்தையே அப்படி உதைக்கும் என்று இவர்கள் நம்பினார்கள். விருத்தாசலத்துக்கும் சீனாவுக்கும் உள்ள தூரத்தை மேஸ்திரிக்கு விளக்கினேன். ஆனாலும் உனக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்குமே என்றார். கொஞ்சம் தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அன்று முதல் டீ எடுக்கும் வரிசையில் எனக்கு இடம் விட்டார்கள்.

4

வகுப்பு தேடி மூன்று சனிக்கிழமை அலைந்தோம்.

முதலில் குத்துச்சண்டை. மூடிப்போன ஒரு பானைத் தொழிற்சாலையின் பின்கட்டில் இருந்தது. பயிற்சியாளர் இளங்கோவிடம் தொங்கிக்கொண்டிருந்த மூட்டையைக் குத்தச் சொன்னார். இவன் குத்தினான். மூட்டை அசையவில்லை. மூட்டையிடம் 'சாரி' என்றான். பயிற்சியாளர் பொறுமைசாலி, எல்லாரும் தொடங்கும்போது இப்படித்தான் என்றார். சரோஜா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "அவருக்கே மூக்கு மிச்சமில்ல. நம்ம புள்ளைக்கு எதை மிச்சம் வைப்பாரு?" என்றாள். அத்தோடு அது முடிந்தது.

அடுத்தது கராத்தே. கம்பளக் கடைக்கு மேலே மாடியில். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தியதில் படிக்கட்டு அதிர்ந்தது. மாஸ்டர் பெயர் கெவின். பகலில் குளியலறைகளுக்கு ஓடு பதிக்கிறவர், சாயங்காலம் ஜப்பான் பாஷையில் ஒன்று, இரண்டு எண்ணுகிறவர். அதையும் இந்த ஊர் இழுவையோடு எண்ணினார். எங்களுக்காக ஓடு ஒன்றை எடுத்து இரண்டு செங்கல் மேல் வைத்துக் கையால் வெட்டினார். ஓடு இரண்டாகப் போனது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் தொழில் புத்தி போகாமல் உடைந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக இருந்தது, சரியாக வேகாத ஓடு. விருத்தாசலத்தில் என் அண்ணன் வேலை பார்க்கும் சூளையில் இதைக் கழிவில் எறிவார்கள். அதை நான் சரோஜாவிடம் தமிழில் சொன்னேன். என்ன சொல்கிறீர்கள் என்று கெவின் கேட்டார். பிரமாதம் என்கிறேன் என்றேன்.

மூன்றாவது ஜூடோ. மாதா கோயில் கூடத்தில் மெத்தை விரித்து நடந்தது. நடத்தியவர் மார்கரெட், போஸ்டாபீசில் கவுண்டரில் உட்கார்கிற அம்மாள். நல்ல பருமன், நல்ல குரல். பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துப் புரட்டினார்கள், விழுந்தார்கள், எழுந்து குனிந்து வணங்கிக்கொண்டார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. பெற்றவர்களுக்குப் பின்னால் டீயும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். வகுப்புக்கான உடுப்பு முழுக்கை, முழுக்கால், கனமான வெள்ளைத் துணி. சளி பிடிக்காது என்று சரோஜா தொட்டுப் பார்த்துச் சொன்னாள். மென்மையான வழி என்பதுதான் ஜூடோ என்ற சொல்லுக்கு அர்த்தம் என்று மார்கரெட் விளக்கினார். பையைக் கால்வாயில் தள்ளுகிறவர்களை மென்மையாகத் தள்ளுவது எனக்குப் பிடித்திருந்தது. டீயும் நன்றாக இருந்தது.

சேர்வதற்கு நாலு பக்கப் பாரம். கிறிஸ்துவப் பெயர் என்ன என்று கேட்டிருந்தது. நாங்கள் இந்துக்கள் என்று எழுதினேன். எடை எத்தனை கல் என்று கேட்டிருந்தது. இந்த நாட்டில் மனிதர்களைக் கல்லால் நிறுக்கிறார்கள், பையன் ஏறக்குறைய நாலு கல் இருந்தான். கடைசியில், பிள்ளைக்கு ஏதேனும் 'கம்ப்ளெயின்ட்' உண்டா என்று ஒரு பெரிய கட்டம். சரோஜாவிடம் கேட்டேன். உண்டு என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். சோறு சாப்பிடுவதில்லை. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். பெரியப்பாவுக்கு லெட்டர் எழுதச் சொன்னால் எழுதுவதில்லை. கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினோம். மார்கரெட் அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கம்ப்ளெயின்ட் என்றால் நோய் நொடி என்று அன்றுதான் தெரிந்தது. அதைக் கிழித்துவிட்டு வேறு பாரம் தருகிறேன் என்றார். பிறகு, இது இருக்கட்டும் என்று அதையே வைத்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் போனான். வெள்ளைப் பட்டை மஞ்சளானது, மஞ்சள் ஆரஞ்சானது. சான்றிதழில் ஒருமுறை பெயரை எலன் என்று போட்டுப் பெண்கள் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். அதைத் திருத்தப் போனபோது, நான் லென் என்றே வைத்துக்கொள்கிறேன், எல்லாருக்கும் சுலபம் என்று பையன் தானே சொன்னான். நானும் சரி என்றேன், பாரம் மிச்சம். பாலத்துப் பையன்கள் இப்போது ஷூவைத் தொடுவதில்லை, வாயால் மட்டும் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. வாய்க்கு ஜூடோவில் பிடி இல்லை.

5

எழுபத்தேழு ஆடியில் விருத்தாசலத்துக்குப் போனோம். நாங்கள் போவதற்கு முன்பே சரோஜாவின் கடிதம் போயிருந்தது. பையன் சண்டைக் கலை படிக்கிறான், ஆரஞ்சு பெல்ட் வாங்கியிருக்கிறான் என்று எழுதியிருந்தாள். என் அண்ணன் அதைத் தெருவில் எல்லாருக்கும் படித்துக் காட்டியிருந்தார். தொழிற்பேட்டையில் பீங்கான் பியூஸ் கட்டை செய்கிற பட்டறையில் சூளை பார்ப்பவர் அவர், பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை யாரிடமாவது பேசாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும்.

"பையன் வெள்ளைக்காரன் கணக்கா இருக்கான்டா. இன்னிக்கு சாயங்காலம் கராத்தே காட்டச் சொல்லு" என்றார்.

ஜூடோ என்று திருத்தினேன். எல்லாம் ஒண்ணுதான் என்றார்.

சாயங்காலம் வாசலில் கூட்டம். பட்டறை ஆட்கள் கை கழுவாமல் வந்திருந்தார்கள், முழங்கை வரை வெள்ளை மண். வேப்பூருக்குப் போகிற பஸ் டிரைவர் ஒருவர் வழியில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தார் என்று அண்ணன் இன்றும் சொல்கிறார், நான் பார்க்கவில்லை. இளங்கோ உள்ளே போய் முழு உடுப்பையும் போட்டு, பட்டையை முறைப்படி கட்டிக்கொண்டு வந்தான். ஆடிக் காற்று நெருப்பாக அடித்தது. அந்தத் துணி இங்கிலாந்துக்கு நெய்தது.

எதிரில் நிற்க ஆள் வேண்டும். அண்ணியின் தங்கை மகன் குமார் நல்லூரிலிருந்து வந்திருந்தான். இளங்கோவின் வயசுதான். அரைக்கால் சட்டை, மேலே ஒன்றும் இல்லை. நல்லூரில் ஏர் ஓட்டவும் மாடு பிடிக்கவும் போகிற பையன், தோள் அகலமாக இருந்தான்.

இளங்கோ குனிந்து வணங்கினான். குமாருக்கு ஒன்றும் புரியவில்லை, கை கூப்பிக் கும்பிட்டான். கூட்டம் சிரித்தது. இளங்கோ ஒரு அடி முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினான். பிடிப்பதற்குச் சட்டைக் காலர் வேண்டும். குமாருக்குச் சட்டையே இல்லை. நீட்டிய கை குமாரின் மார்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. தோளைத் தொட்டான், வியர்வையில் வழுக்கியது. மறுபடி நீட்டினான். என்ன செய்யப் போகிறான் என்று குமார் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு சலித்துப்போய், இவனை இடுப்போடு அணைத்துத் தூக்கி, ஓரமாகக் கொட்டியிருந்த மணலில் உட்கார வைத்தான். கோபமில்லை. நாற்காலியை நகர்த்தி வைக்கிற மாதிரி வைத்தான்.

"ஏன்டா, சட்டை போட்டவன மட்டுந்தான் அடிப்பியா?" என்றார் அண்ணன்.

தெருவே சிரித்தது. சரோஜா சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கையாகத்தான் இருந்தது. மணலிலிருந்து இளங்கோ மற்ற யாரையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டேன், ஆனால் அதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

ஊரில் மீதி இருந்த மூன்று வாரமும் அந்த உடுப்பு பெட்டியிலேயே இருந்தது. ஜங்ஷனில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் இங்கிலீஷில் சொன்னான், இனி ஜூடோவுக்குப் போக மாட்டேன், அடிக்கிற வகுப்புக்குத்தான் போவேன் என்று. சரி என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சிரித்ததற்கு ஈடாக எதையாவது கொடுத்தாக வேண்டும் போல இருந்தது.

6

கம்பளக் கடை மாடிக்கு வாரம் இரண்டு நாள் போனான். கெவின் நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. வகுப்பில் கற்றதை வெளியே காட்டக் கூடாது என்று ஒவ்வொரு வாரமும் எல்லாப் பிள்ளைகளையும் சொல்ல வைப்பார். ஜப்பான் பாஷையில் சொல்ல வைப்பார், அதனால் யாருக்கும் அர்த்தம் தெரியாது.

பையன் உயரமானான். மாடிப்படியை உதைத்துக்கொண்டு ஏறினான். அவன் யாரையாவது ஒரு நாள் அடிப்பான் என்று நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் இரண்டு பேரும் காத்திருந்தோம். பாலத்தில் நிற்கிற மூன்று பேரில் யாராவது ஒருவன், ஒரே ஒரு அடி, அதோடு போதும் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. அதனால்தான் அந்தக் கேசரி.

புதன்கிழமை டை கட்டிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க இங்கிலீஷில் நாலு வாக்கியம் தயார் செய்திருந்தேன். நாலாவது வாக்கியத்தில், என் மகன் மூன்று வருஷமாகப் பொறுத்திருந்தான் என்று வரும்.

தலைமையாசிரியர் உட்காரச் சொன்னார். சிகரெட்டை அணைத்தார். அடிபட்ட பையன் பள்ளியில் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகிறது என்றார். பெயர் ஹேமந்த். உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த குஜராத்திக் குடும்பம், இத்தனை நாள் வேறு ஊரில் இருந்துவிட்டு இப்போது இங்கே வந்திருக்கிறார்கள். சின்ன உருவம், அதிகம் பேசமாட்டான். மைதானத்தில் இளங்கோ அவனை நெஞ்சில் உதைத்திருக்கிறான், அவன் சுழன்று விழுந்து, வாய் சுவரில் மோதி முன்பல் பாதி உடைந்துவிட்டது. அவன் இவனை ஒன்றும் செய்யவில்லை. சுற்றி நின்று கை தட்டியவர்கள் மூன்று பேர். அவர்கள் பெயரைச் சொன்னார். பாலத்துப் பெயர்கள்.

தயார் செய்த நாலு வாக்கியத்தில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்த்து வேறு விதமாகப் புரிந்துகொண்டார். வருத்தப்படாதீர்கள், லென் இங்கே நன்றாகக் கலந்துவிட்டான், நிறைய நண்பர்கள் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் பையன் வந்ததும் நான் முதுகில் இரண்டு வைக்கப் போகிறேன் என்று நினைத்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டான். நான் கையை ஓங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். இங்கிலீஷில் சொன்னான். நீ அவனை மாதிரி இல்லை, நீ எங்கள் ஆள், அப்படியென்றால் அவனை அடித்துக் காட்டு என்று அந்த மூன்று பேரும் சொன்னார்களாம். மூன்று வருஷத்தில் அவர்கள் அவனிடம் நல்லபடியாகப் பேசியது அன்றுதானாம்.

சரோஜா எழுந்து அவன் எதிரில் போய் நின்றாள்.

"அவன் அம்மாவும் என்னாட்டம் பைய தலகீழா கொட்டுனாளாடா?" என்று கேட்டாள்.

அவனுக்குத் தமிழ் புரியாத மாதிரி நிற்கத் தெரியும். அன்று அப்படி நிற்கவில்லை. அழுதான்.

7

சனிக்கிழமை மத்தியானம் நானும் அவனும் ஹேமந்த் வீட்டுக்குப் போனோம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், வரிசை வீடுகளில் கடைசி வீடு. ஹேமந்தின் அப்பா ஜெயந்திபாய் கதவைத் திறந்தார். உகாண்டாவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், இங்கே ஒரு ஓட்டுத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறார். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர் போல இருந்தார்.

எனக்குக் குஜராத்தியும் இந்தியும் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆளுக்கொரு இங்கிலீஷில் பேசினோம். இளங்கோ சொல்லிக்கொடுத்தபடி மன்னிப்புக் கேட்டான். ஹேமந்த் சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், வாயை மூடியே வைத்திருந்தான், பல் தெரியக் கூடாது என்று. ஜெயந்திபாய் இளங்கோவின் தலையில் கை வைத்து, சரி போ என்றார். பிள்ளைகளை உள்ளே டிவி பார்க்க அனுப்பினார். அவர் மனைவி டீயும் ஒரு தட்டில் மிக்சரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போய்விட்டார். அது நியாயம் என்று பட்டது.

நான் அவர் கோபத்துக்குக் காத்திருந்தேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது, எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, உங்கள் பையன் எந்த வகுப்புக்குப் போகிறான் என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். என் பையனைச் சேர்க்க வேண்டும், நான் மூன்று இடம் போய் விசாரித்தேன், எது நல்லது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, உங்களுக்கு அனுபவம் இருக்கிறது என்றார். கிண்டல் இல்லை. மளிகைக் கடை எது நல்லது என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

ஜூடோ இருக்கிறது என்றேன். மாதா கோயில் கூடம், நடத்துகிற அம்மாள் தங்கமானவர், டீ தருவார்கள், யாருக்கும் அடிபடாது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"உங்கள் பையன் அங்கே போனானா?"

"இரண்டு வருஷம் போனான். பிறகு கராத்தே."

"என் பையனை அடித்தது எதில் படித்தது?"

"கராத்தே."

"அப்படியென்றால் அதுதான்" என்றார்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் விலாசம் சொன்னேன். கம்பளக் கடை, மேல்மாடி, செவ்வாயும் வெள்ளியும், ஆறு மணி. தெருப் பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாக எழுதினார், அதையும் திருத்திக் கொடுத்தேன். தலை நிமிர்ந்தபோது இளங்கோ கதவருகில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

வழியெல்லாம் அவன் எனக்கு முன்னால் நடந்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்புக்குக் கிளம்பவில்லை. வெள்ளிக்கிழமையும் கிளம்பவில்லை. கேட்டதற்கு வேண்டாம் என்றான். மூன்றாவது வாரம் ஐந்தரை மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஹேமந்த். புது வெள்ளை உடுப்பு, கையை மூன்று மடிப்பு மடித்து விட்டிருந்தது. இளங்கோ உள்ளிருந்து ஷூ மாட்டிக்கொண்டு வந்தான், அவனோடு கிளம்பினான். மறுபடி சேருகிறான் போல என்று சரோஜா என்னைப் பார்த்தாள். இருபது நிமிஷத்தில் தனியாகத் திரும்பி வந்துவிட்டான். ஏழு மணிக்கு மறுபடி ஷூ மாட்டிக்கொண்டு போனான்.

இது இப்போது வாரம் இரண்டு நாள் நடக்கிறது. வகுப்புக்குள் போவதில்லை. மாடிப்படி வரை கொண்டுவிட்டு வருகிறான், முடிந்ததும் போய் அழைத்து வருகிறான். அந்த மூன்று பேரும் இவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். இவன் சட்டையில் ஒரு நாள் பொத்தான் இல்லை. ஏன்டா, நீ உள்ளே போய்ப் படிக்கலாமே, எதற்கு வீணாக நடக்கிறாய் என்று போன வெள்ளிக்கிழமை கேட்டேன். தலையைக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, தமிழில் பதில் சொன்னான்.

"பாலத்துல அவங்க நிக்கிறாங்கப்பா. அவன் ஒண்ணா போனா ஏதாச்சும் சொல்லுவாங்க."

தனியாக என்பதற்கு ஒண்ணா என்று சொல்லிவிட்டான். திருத்தலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது, எழுந்து போய்விட்டான்.